துறட்டியின் நுனி எங்கே இருக்கிறது? மல்டிபாடி சிமுலேஷனில் நெகிழும் பாகங்கள்: ஓர் அறிமுகம்

முருங்கை மரத்தில் எட்டாத உயரத்தில் தொங்கும் காயைத் துறட்டியால் பறித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கீழே கையை வலப்பக்கம் நகர்த்தினால் மேலே கொக்கி உடனே வலப்பக்கம் போகாது. மூங்கில் முதலில் வளையும். ஒரு கணம் கழித்துத்தான் கொக்கி வந்து சேரும். வந்த வேகத்தில் காயைத் தாண்டிப் போய், பிறகு திரும்பும். அவசரப்பட்டு மறுபடி இழுத்தால் ஆட்டம் இன்னும் கூடும். பழகிய கை மெதுவாக நகர்த்திவிட்டு, கொக்கி அடங்கும்வரை காத்திருக்கும்.

கை இருக்கும் இடத்தை வைத்து நுனி இருக்கும் இடத்தைச் சொல்லிவிட முடியுமா? குட்டையான கம்பு என்றால் முடியும், நீளமான மூங்கில் என்றால் முடியாது. எந்திரங்களின் இயக்கத்தைக் கணினியில் கணக்கிடுகிறவர்கள் இதே கேள்வியைத்தான் தினமும் எதிர்கொள்கிறார்கள்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. ‘ஃப்ளெக்ஸிபிள் பாடி போட்டாச்சு’, அதாவது கணினி மாதிரியில் ஒரு பாகத்தை வளையக்கூடியதாக வைத்தாயிற்று என்ற பேச்சு கல்லூரி ப்ராஜெக்ட்டுகளிலும் அலுவலகக் கூட்டங்களிலும் அடிக்கடி காதில் விழுகிறது. ஒருவர் அதை ரப்பர், துணி போன்ற மென்மையான பாகங்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறார். இன்னொருவருக்கு அது சிவப்பும் நீலமுமாக அழுத்தத்தைக் காட்டும் வண்ணப்படம். மூன்றாமவர் எல்லாப் பாகங்களையும் அப்படி மாற்றிவிட்டால் விடை தானாகவே துல்லியமாகிவிடும் என்று நம்புகிறார். மூன்றுமே பிழை. கடைசி நம்பிக்கை மற்ற இரண்டையும்விட அதிக நேரத்தையும் பணத்தையும் விழுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கதவும் கீலும்

மல்டிபாடி சிமுலேஷன் என்பது சில பொருட்கள், அவற்றை இணைக்கும் மூட்டுகள், அவற்றின்மேல் செயல்படும் விசைகள் ஆகியவற்றை வைத்து, அடுத்த கணம் எது எங்கே இருக்கும் என்று கணக்கிடுவது. கதவும் நிலையும் கீலும் சேர்ந்தால் அதுவே ஒரு சிறிய மல்டிபாடி அமைப்பு. தையல் மெஷின், கார் சஸ்பென்ஷன், மண் அள்ளும் எந்திரத்தின் கை எல்லாம் இதே வகைதான், பாகங்கள் மட்டும் அதிகம்.

எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் விடப்பட்ட ஒரு பொருள் ஆறு வழிகளில் அசையலாம். முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என்று மூன்று நகர்வுகள், அதே மூன்று அச்சுகளைச் சுற்றி மூன்று சுழற்சிகள். இவை ஒவ்வொன்றையும் ‘சுதந்திர இயக்கக் கூறு’ என்பார்கள். கதவை நிலையில் மாட்டியதும் கீல் ஐந்தைப் பறித்துக்கொண்டு ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறது: திறப்பது, மூடுவது. நூறு பாகங்கள் கொண்ட எந்திரத்துக்கும் அதிகபட்சம் 600 எண்கள் போதும். கணினிக்கு அது பெரிய வேலையே அல்ல.

இந்தச் சிக்கனம் ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது. ஒவ்வொரு பாகமும் ‘திண்பொருள்’ என்று வைத்துக்கொள்கிறோம். அதாவது, அதில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றுக்கு இடையே உள்ள தூரம் ஒருபோதும் மாறாது. உலகத்தில் அப்படி ஒரு பொருள் கிடையாது. எஃகும் வளையும், கருங்கல்லும் மிக நுண்ணிய அளவில் வளையும். ஆனாலும் பெரும்பாலான கேள்விகளுக்கு இந்த அனுமானம் நல்ல விடையைத் தந்துவிடுகிறது.

வடிவம் மாறுவதற்கும் கணக்கில் இடம் கொடுத்துவிட்டால் அந்தப் பாகம் ‘நெகிழ்பொருள்’. ஆங்கிலப் பேச்சில் வரும் ஃப்ளெக்ஸிபிள் பாடி இதுதான். ஒரே எஃகுக் கம்பி ஒரு கணக்கில் திண்பொருளாகவும் இன்னொரு கணக்கில் நெகிழ்பொருளாகவும் இருக்கலாம். மென்மையான பொருளா கடினமான பொருளா என்பதை வைத்து இது முடிவாவதில்லை. பின் எதை வைத்து? அதற்கு ஒரு ஸ்கேல் போதும்.

மேசை விளிம்பில் ஒரு ஸ்கேல்

1 மி.மீ. தடிமனுள்ள எஃகு ஸ்கேலை எடுத்து, 25 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மேசை விளிம்பில் வையுங்கள். மேசைமேல் இருக்கும் பகுதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியைத் தட்டிவிடுங்கள். விநாடிக்கு ஏறக்குறைய 13 முறை ஆடும். பலமாகத் தட்டினாலும் மெதுவாகத் தட்டினாலும் 13தான். நீட்டியிருக்கும் நீளத்தைப் பாதியாக்கினால் நான்கு மடங்காகி 52 ஆகும். தட்டிவிட்டபின் ஒரு பொருள் தன் போக்கில் ஆடும் இந்த வேகம் அதன் ‘இயல்பு அதிர்வெண்’. விநாடிக்கு ஓர் ஆட்டம் என்பது 1 ஹெர்ட்ஸ்.

இப்போது அதே ஸ்கேலின் ஒரு முனையைக் கையில் பிடித்து, விநாடிக்கு ஒரு முறை மேலும் கீழும் மெல்ல அசையுங்கள். மரக்கட்டை போல அப்படியே கூட வரும். இந்த அசைவைப் பொறுத்தவரை ஸ்கேல் திண்பொருள்தான். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். 13ஐ நெருங்க நெருங்க, கை அசைவது சிறிதானாலும் நுனி பெரிதாக வீசும். இதுதான் பள்ளியில் படித்த ஒத்ததிர்வு.

ஆகவே கேட்க வேண்டியது, பாகத்தின் இயல்பு அதிர்வெண்ணும் அதை அசைக்கும் வேகமும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதே. இயல்பு அதிர்வெண் ஐந்து மடங்கு மேலே இருந்தால், அசைவின்போது வரும் வளைவு, அதே விசையை அசையாமல் வைத்தால் வரும் வளைவைவிட 4 விழுக்காடுதான் அதிகம். அந்த நிலையில் வளைவே மிகச் சிறிதாக இருந்தால் பாகத்தைத் திண்பொருளாகவே விட்டுவிடலாம்.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். மேடு பள்ளத்தில் கார் உடல் மேலும் கீழும் எழும்புவது 1 முதல் 2 ஹெர்ட்ஸ். சக்கரம் துள்ளுவது 10 முதல் 15 ஹெர்ட்ஸ். இன்றைய காரின் உடல் வளையவும் முறுக்கவும் தொடங்கும் அதிர்வெண் பொதுவாக 25 ஹெர்ட்ஸுக்கு மேல். பயணிகள் எப்படிக் குலுங்குகிறார்கள் என்பதை முதல் கட்டமாகப் பார்க்க, கார் உடல் திண்பொருளாக இருந்தால் போதும். லாரி வேறு. இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த ஏணி போன்றது அதன் சேஸிஸ். சீரற்ற தரையில் முன்சக்கரம் ஒரு பக்கமும் பின்சக்கரம் மறுபக்கமும் ஏறினால் அது முறுக்கிக்கொள்வது கண்ணுக்கே தெரியும். அந்தச் சேஸிஸைத் திண்பொருளாக வைத்து லாரியின் ஓட்டத்தைக் கணக்கிட்டால் சக்கரங்களில் விழும் பாரமே தவறாக வரும்.

இதுவரை வந்தது: எல்லாப் பொருளும் வளையும். அந்த வளைவு திரும்பிவந்து இயக்கத்தை மாற்றுமா என்பதைப் பார்த்துத்தான் ஒரு பாகத்தை நெகிழ்பொருளாக்குகிறோம்.

நான்கு கம்பிகள் புரட்டிப்போட்ட செயற்கைக்கோள்

வளைவு திரும்பிவந்து இயக்கத்தை மாற்றுவதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சாட்சி எக்ஸ்ப்ளோரர் 1. அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான அது 1958 ஜனவரி 31 அன்று ஏவப்பட்டது. ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 15 செ.மீ. விட்டம், 14 கிலோ நிறை. ஒல்லியான குழாய் போன்ற வடிவம். துளையிடும் டிரில் போலத் தன் நீள அச்சைச் சுற்றியே சுழன்றுகொண்டு போகவேண்டும் என்பது திட்டம். அதன் பக்கவாட்டில் நான்கு மெல்லிய வளையும் கம்பிகள் ஆண்டெனாவாக நீட்டிக்கொண்டிருந்தன.

சுற்றுப்பாதைக்குப் போன சிறிது நேரத்திலேயே அது டிரில் போலச் சுழல்வதை விட்டு, சிலம்பக் கம்பு போல முனைக்கு முனை புரளத் தொடங்கிவிட்டது. வெளியிலிருந்து எதுவும் அதைத் தட்டவில்லை. காரணம் அந்த நான்கு கம்பிகள்.

சுழலும் பொருளுக்கு ‘கோண உந்தம்’ என்று ஒன்று உண்டு. எவ்வளவு நிறை, அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லும் அளவு அது. வெளியிலிருந்து முறுக்காதவரை மாறாது. ஆனால் சுழற்சியின் ஆற்றல் குறையலாம். செயற்கைக்கோளின் சுழற்சியில் இருந்த சின்னத் தள்ளாட்டத்தால் கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வளைந்து நிமிர்ந்தன. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அது சூடாகுமே, அதுபோல ஆற்றல் சிறிது சிறிதாக வெப்பமாகப் போனது. கோண உந்தம் குறையக்கூடாது, ஆற்றல் குறைந்துகொண்டே இருக்கிறது என்றால் பொருளுக்கு ஒரே வழிதான் உண்டு: நிறை அச்சிலிருந்து அதிகம் தள்ளியிருக்கும்படியான அச்சுக்கு மாறி, மெதுவாகச் சுழல்வது. ஒல்லியான குழாய்க்கு அந்த அச்சு குறுக்கே போகிறது.

முழுக்கத் திண்பொருளாக வைத்த கணக்கில் ஆற்றல் வெளியேற வாசலே இல்லை. எத்தனை தசமத்துக்குத் துல்லியமாகக் கணக்கிட்டாலும், எத்தனை ஆண்டு ஓட்டினாலும் அந்தக் கணக்கில் எக்ஸ்ப்ளோரர் நீள அச்சிலேயே சுழன்றுகொண்டிருக்கும்.

தேரில் இருப்பவரும் தெருவில் நிற்பவரும்

சரி, வளைவை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது? பாகத்தை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மூலையிலும் புள்ளிகள் வைத்து, புள்ளிகள் எவ்வளவு நகர்கின்றன என்று கணக்கிடும் முறை பொறியியலில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் ஃபைனைட் எலிமென்ட் முறை. அதையே எடுத்து மல்டிபாடிக்குள் வைத்துவிடலாமே என்றுதான் முதலில் தோன்றும்.

இரண்டு தடைகள் வருகின்றன. ஒன்று, எண்ணிக்கை. ஒரு லட்சம் புள்ளிகள், புள்ளிக்கு மூன்று திசை என்றால் மூன்று லட்சம் எண்கள். ஆறு எண்களில் முடிந்துகொண்டிருந்த பாகம் அது. அதை ஒவ்வொரு நுண்கணத்துக்கும் தீர்க்கவேண்டும். இரண்டாவது தடை பலருக்குத் தெரிவதில்லை. சாதாரண ஃபைனைட் எலிமென்ட் கணக்கு, புள்ளிகள் மிகச் சிறிய தூரமே நகரும் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது. கட்டடத் தூணுக்கு அது சரி. சுழலும் கம்பிக்கு அது சரிவராது. கம்பியின் நுனி வட்டப்பாதையில் போவதற்குப் பதிலாக, கிளம்பிய திசையிலேயே நேர்கோட்டில் போவதாக அந்தக் கணக்கு எடுத்துக்கொள்ளும். 57 பாகை திருப்பினால் கம்பி 1.41 மடங்கு நீண்டுவிட்டதாக விடை வரும். வெறுமனே திருப்பியதற்கு இந்தக் கதி.

இதற்கு வழி தேர்த் திருவிழாவில் இருக்கிறது. தெருவில் நிற்பவர் பார்க்கும்போது தேர் வீதியில் நகர்கிறது, முனையில் திரும்புகிறது, அதோடு உச்சியில் கலசம் ஆடுகிறது. எல்லாம் கலந்த சிக்கலான அசைவு. தேரின் அடித்தட்டில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்த்தால் வீதியும் திருப்பமும் அவருக்குக் கிடையாது, அவரும் தேரோடுதானே போகிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது கலசம் இப்படியும் அப்படியும் சில அங்குலம் ஆடுவது மட்டும்.

நெகிழ்பொருளைக் கணக்கிடும் மிகப் பரவலான முறை இந்த இரண்டு பார்வைகளையும் பிரித்துக்கொள்வதுதான். பாகத்தோடு கூடவே நகர்ந்து கூடவே சுழலும் ஒரு குறிப்பாயத்தை, அதாவது அளவெடுப்பவர் உட்காரும் இடத்தை, வைத்துக்கொள்கிறோம். அதற்கு ‘மிதக்கும் குறிப்பாயம்’ என்று பெயர். குறிப்பாயத்தின் பெரிய அசைவு ஆறு எண்களில் வரும், எத்தனை சுற்று சுழன்றாலும் கவலையில்லை. குறிப்பாயத்துக்குள்ளிருந்து பார்த்தால் வளைவு எப்போதும் சிறியது. சிறிய அசைவுக்கென்றே எழுதப்பட்ட கணக்கை அங்கே தைரியமாகப் பயன்படுத்தலாம். இரண்டும் தனித்தனியாக ஓடுவதில்லை. குறிப்பாயம் வேகமெடுத்தால் பாகம் வளையும், பாகம் வளைந்தால் அதன் நிறைப் பரவல் மாறிக் குறிப்பாயத்தின் ஓட்டம் மாறும். இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சமன்பாடுகள் ஒவ்வொரு கணமும் பார்த்துக்கொள்கின்றன.

அதே பொருட்கள், அளவு மட்டும் வேறு

இரண்டாவது தடை நீங்கிவிட்டது. மூன்று லட்சம் எண்கள் இன்னும் பாக்கி.

ஸ்கேலுக்குத் திரும்புவோம். அது வளையும் விதங்களைக் கவனித்தால் சில குறிப்பிட்ட வடிவங்களே மறுபடி மறுபடி வரும். முதலாவது, முழு ஸ்கேலும் ஒரே பக்கம் வளைவது, 13 ஹெர்ட்ஸ். இரண்டாவது, எஸ் எழுத்துப் போல நடுப்பகுதி ஒரு பக்கமும் நுனி மறுபக்கமும் போவது, 82 ஹெர்ட்ஸ். அப்போது மேசை விளிம்பிலிருந்து 19.6 செ.மீ. தூரத்தில் ஒரு புள்ளி அசையாமல் நிற்கும், அது கணு. மூன்றாவது வடிவத்தில் அப்படி இரண்டு கணுக்கள், 229 ஹெர்ட்ஸ். இப்படி மேலே மேலே போகும். இவை ‘அதிர்வு வடிவங்கள்’. வேலை செய்கிறவர்கள் பேச்சில் மோடு என்பார்கள்.

ஸ்கேல் ஒரு கணத்தில் எப்படி வளைந்திருந்தாலும் அதை இந்த வடிவங்களின் கலவையாகச் சொல்லிவிடலாம். வீட்டுக்கு வீடு சாம்பார் பொடி வேறு வேறு மணத்தில் இருக்கிறது. ஆனால் மல்லி, மிளகாய், பருப்பு, வெந்தயம் என்று பொருட்கள் அதேதான், அளவு மட்டும் மாறுகிறது. அதுபோல வடிவங்களை ஒருமுறை கண்டுபிடித்து வைத்துவிட்டால், ஒவ்வொரு கணமும் கணக்கிட வேண்டியது எந்த வடிவம் எவ்வளவு என்ற அளவுகளை மட்டும்தான். உயர்ந்த அதிர்வெண் வடிவங்கள் நமது இயக்கத்தில் பெரும்பாலும் தூண்டப்படுவதே இல்லை. அவற்றை விட்டுவிட்டால் இருபது முப்பது எண்கள் மிஞ்சும். மூன்று லட்சம் முப்பதாகச் சுருங்கியது இப்படித்தான்.

ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் ஒருமுறை கணக்கிட்டு, ஒரு கோப்பாகச் சேமித்து, ஆடம்ஸ், சிம்பேக் போன்ற மல்டிபாடி மென்பொருளுக்குள் கொண்டுவருவார்களே, அந்தக் கோப்புக்குள் இருப்பவை இந்த வடிவங்களும் அவற்றின் நிறை, விறைப்பு விவரங்களும்தான். முழு ஃபைனைட் எலிமென்ட் மாதிரியும் உள்ளே ஓடுகிறது என்று நினைப்பது பரவலான தவறு. சேமித்த வடிவங்களில் இல்லாத ஒரு வளைவை அந்தப் பாகம் சிமுலேஷனில் காட்டவே முடியாது.

அதனால்தான் எந்த வடிவங்களைச் சேமிக்கிறோம் என்பது பெரிய கேள்வி. எதிலும் ஒட்டாமல் தனியே தொங்கும் பாகத்தைத் தட்டினால் வரும் வடிவங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு சிக்கல் வரும். நிஜத்தில் அந்தப் பாகம் இரண்டு மூன்று இடங்களில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது, விசை முழுவதும் அந்த இடங்கள் வழியாகவே நுழைகிறது. அங்கே ஏற்படும் உள்ளூர் வளைவைத் தனியே தொங்கும் பாகத்தின் வடிவங்கள் சரியாகக் காட்டாது. ராய் கிரெய்க், மெர்வின் பாம்ப்டன் இருவரும் 1968இல் தந்த முறை இன்றும் இதற்கு முதல் தேர்வு. வால்டர் ஹர்ட்டி என்பவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே போட்ட பாதையை அவர்கள் எளிமையாக்கினார்கள்.

அவர்கள் செய்தது இரண்டு வேலை. முதலில், மூட்டு வரும் இடங்களை எல்லாம் அசையாமல் பிடித்துக்கொண்டு, உள்ளே பாகம் எப்படி அதிர்கிறது என்ற வடிவங்களை எடுத்தார்கள். பிறகு, ஒரு மூட்டு இடத்தை மட்டும் ஒரு திசையில் ஓரலகு நகர்த்தி, மற்றவற்றைப் பிடித்து வைத்தால் பாகம் எந்த வடிவத்தில் வளைந்து நிற்கிறது என்று பார்த்தார்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் ஆறு திசைக்கும் இதைச் செய்யவேண்டும். இரண்டு மூட்டு உள்ள பாகத்துக்கு 12 வடிவங்கள். உள் அதிர்வுகளில் 20 சேர்த்தால் 32. அந்த 12ஐ அப்படியே விட்டால், அவற்றைத் தக்கபடி கலந்து பாகத்தை வளைக்காமலே நகர்த்தவும் திருப்பவும் முடியும். அப்படிப்பட்ட கலவைகள் ஆறு. அந்த அசைவை மிதக்கும் குறிப்பாயம் ஏற்கெனவே கணக்கில் வைத்திருக்கிறது. இரட்டிப்பாகாமல் இருக்க அந்த ஆறையும் நீக்கினால் மிஞ்சுவது 26.

சுருக்கமாகப் பார்த்தால், பெரிய அசைவுக்கு ஆறு எண்கள், சிறிய வளைவுக்கு இருபத்துச் சொச்சம் எண்கள், மூட்டுகள் இருக்கும் இடத்தை மதித்துத் தேர்ந்த வடிவங்கள். நெகிழ்பொருள் என்று மென்பொருளில் நாம் போடுவது பெரும்பாலும் இதைத்தான்.

15 மீட்டர் துறட்டி

அமெரிக்க விண்வெளி ஓடத்துக்குக் கனடா செய்துகொடுத்த எந்திரக் கை கனடார்ம். கொலம்பியா ஓடத்தின் இரண்டாவது பயணத்தில், 1981 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. நீளம் 15 மீட்டர், நிறை ஏறக்குறைய 410 கிலோ. தோளில் இரண்டு, முழங்கையில் ஒன்று, மணிக்கட்டில் மூன்று என ஆறு மூட்டுகள். 29 டன் வரையுள்ள சுமையை நகர்த்துவதற்காக வடிவமைக்கப்பட்டது. தன்னைப்போல எழுபது மடங்கு சுமை!

பூமியில் அதனால் தன் எடையைக்கூடத் தூக்க முடியாது. ஆகவே முழுக் கையும் சுமையோடு எல்லாத் திசையிலும் அசைவதைத் தரையில் சோதித்துப் பார்க்க வழியில்லை. கணினி மாதிரியைத்தான் நம்பவேண்டும், அந்த மாதிரியில் கை வளையவும் வேண்டும். கனமான சுமை நுனியில் இருக்கும்போது கையின் இயல்பு அதிர்வெண் மிகவும் தாழ்ந்துவிடும், ஆட்டம் அடங்க நேரம் பிடிக்கும். வெறுங்கையாக இருக்கும்போது நுனி விநாடிக்கு 60 செ.மீ. வரை போகலாம், முழுச் சுமையோடு 6 செ.மீ.தான். நகர்த்திவிட்டு ஆட்டம் அடங்கக் காத்திருப்பது அதை இயக்கிய விண்வெளி வீரர்களின் பழக்கம். முருங்கை மரத்தடியில் பார்த்த அதே பொறுமை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெகிழ்வு என்றதும் நீண்ட குழாய்களை மட்டும் நினைத்துவிடக்கூடாது. மூட்டுக்குள் இருக்கும் பல்சக்கரப் பெட்டியும் முறுக்கிக்கொடுக்கும். தொழிற்சாலை ரோபோக்களில் நுனி விலகுவதற்குப் பெரும்பாலும் அதுவே முதல் காரணம். அப்படிப்பட்ட இடத்தில் கைப்பாகங்களை எல்லாம் நெகிழ்பொருளாக்கி நாள்கணக்கில் ஓட்டுவது வீண். பாகங்களைத் திண்பொருளாகவே விட்டு, மூட்டில் ஒரு சுருள்வில்லை வைத்தால் உண்மைக்கு அதிகம் நெருங்கிய விடை சில நிமிடங்களில் கிடைக்கும்.

சுழன்றால் விறைக்கும்

நிறுத்திவைத்த ஹெலிகாப்டரின் இறக்கைகள் நுனி தாழ்ந்து தொங்கிக்கொண்டிருக்கும். சுழலத் தொடங்கியதும் நிமிர்ந்துகொள்ளும். கவணில் கல்லை வைத்துச் சுற்றும்போது துவண்டு கிடந்த கயிறு கம்பிபோல நிற்பதும் இதே காரணத்தால்தான். வெளிநோக்கிய இழுப்பு, வளைந்ததை நிமிர்த்துகிறது. அதாவது சுழலும் இறக்கை, நிற்கும் இறக்கையைவிட விறைப்பானது.

மேலே சொன்ன வடிவக் கலவைக்கு இது தெரியாது. ஒரு தகடு வளையும்போது அதன் நுனி பக்கவாட்டில் போவதோடு, மிக மிகக் கொஞ்சம் உள்நோக்கியும் வருகிறது. வளைந்த வில்லின் இரு முனைகளும் நெருங்குவதைப் போல. அந்த உள்வாங்கல் சிறிது என்பதால் எளிய கணக்கு அதைக் கழித்துவிடுகிறது. ஆனால் வேகமாகச் சுழலும்போது வெளிநோக்கிய இழுப்பு பிரம்மாண்டமானது. சிறிய தூரத்தைப் பெரிய விசையால் பெருக்கினால் வரும் ஆற்றலைக் கழித்துவிட முடியாது. கழித்தால் விடை தலைகீழாகிறது: சுழலச் சுழலத் தகடு இளகுகிறது, சுழற்சி வேகம் போதுமான அளவு கூடினால் அடங்காமல் வளைந்துகொண்டே போகிறது என்று கணக்கு சொல்லும். தாமஸ் கேன், ரயன், பானர்ஜி மூவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு, அன்று புழக்கத்தில் இருந்த முறைகள் இப்படித் தவறுவதை, ஒரு முனையில் பொருத்திச் சுழற்றும் சட்டத்தை வைத்துக் காட்டியது. மென்பொருளின் விடையை நம்பிப் பழகிய ஒரு துறையில் அது தேவைப்பட்ட எச்சரிக்கை.

இன்று இதற்கு வழிகள் உண்டு. விடுபட்ட விறைப்பைத் தனியே சேர்க்கலாம். அல்லது நீண்ட இறக்கையைப் பல துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பாயம் கொடுக்கலாம். வெஸ்டாஸ் நிறுவனத்தின் வி236 காற்றாலையின் ஓர் இறக்கை 115.5 மீட்டர். அவ்வளவு நீளத்துக்கு ‘சிறிய வளைவு’ என்ற அனுமானமே ஆட்டம் காண்கிறது. பலத்த காற்றில் இறக்கை வளைந்து கோபுரத்தில் மோதிவிடக் கூடாதே என்பதற்காக, பெரிய இறக்கைகளைக் கோபுரத்தைவிட்டு விலகும்படி முன்கூட்டியே வளைத்துச் செய்கிறார்கள். எவ்வளவு வளைப்பது என்பது இந்தக் கணக்கிலிருந்து வருகிறது.

கேபிள், பெல்ட், டயர் போலப் பெரிதாக வளைபவற்றுக்கு மிதக்கும் குறிப்பாயமே பொருந்தாது. அகமது ஷபானா 1996இல் முன்வைத்த வேறொரு முறை அங்கே பயன்படுகிறது. அதில் ஒவ்வொரு புள்ளியையும் தெருவில் நிற்பவரின் கண்ணாலேயே அளக்கிறார்கள். கணக்கு கனமாகும், ஆனால் வளைவுக்கு வரம்பு இல்லை.

தணிப்பும் நேரமும்

ஸ்கேலின் ஆட்டம் ஏன் நிற்கிறது? பொருளின் உள் உராய்வு, காற்று, பிடித்திருக்கும் இடத்தில் நடக்கும் நுண்ணிய வழுக்கல். இவை சேர்ந்து ஆற்றலை உறிஞ்சுவது ‘தணிப்பு’. நிறையையும் விறைப்பையும் வரைபடத்திலிருந்து கணினி கணக்கிட்டுவிடும். தணிப்பை அப்படிக் கணக்கிட முடியாது. ஆட்டம் ஒரேயடியாக நின்றுபோவதற்கு வேண்டிய தணிப்பில் 1 விழுக்காடு இருந்தால், சுமார் 11 ஆட்டங்களில் வீச்சு பாதியாகும். அரை விழுக்காடு என்றால் 22 ஆட்டங்கள். ஒரு சிறிய எண், அடங்கும் நேரத்தை இரட்டிப்பாக்கிவிடுகிறது. அந்த எண்ணை அளந்துதான் போடவேண்டும். மென்பொருள் தானாக நிரப்பிவைத்த மதிப்பை மாற்றாமல் விட்டுவிட்டு, ‘ஆட்டம் இத்தனை விநாடியில் அடங்கும்’ என்று அறிக்கை எழுதுவது நியாயமில்லை.

எல்லாவற்றையும் நெகிழ்பொருளாக்கும் ஆசைக்கும் விலை உண்டு. 5000 ஹெர்ட்ஸ் வடிவம் ஒன்று உள்ளே புகுந்துவிட்டால், அதன் ஓர் ஆட்டத்தைப் பத்துப் படிகளில் பின்தொடரவே 0.02 மில்லிவிநாடிப் படி வேண்டும். பத்து விநாடி ஓட்டத்துக்கு ஐந்து லட்சம் படிகள். யாரும் கேட்காத ஓர் அதிர்வுக்காக இவ்வளவும்.

அழுத்த வண்ணப்படம் மட்டும் வேண்டுமென்றால் நெகிழ்பொருளே தேவைப்படாமல் போகலாம். பாகத்தின் வளைவு இயக்கத்தை மாற்றவில்லை என்றால், திண்பொருளாக ஓட்டி மூட்டு விசைகளை எடுத்து, அவற்றைத் தனியே ஃபைனைட் எலிமென்ட் மாதிரியில் போட்டாலே படம் வந்துவிடும்.

ஓட்டுவதற்கு முன்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கார், ரோபோ எதற்கும் போவதற்கு முன்னால் அந்த ஸ்கேலைச் செய்து பாருங்கள். மிலான் பாலிடெக்னிக்கில் உருவான எம்பிடைன் போன்ற இலவச மென்பொருளே போதும். 25 செ.மீ. நீளம், 1 மி.மீ. தடிமன், எஃகு, ஒரு முனை இறுகப் பிடித்தது, புவியீர்ப்பு மட்டும். நுனி தன் எடையாலேயே 2.3 மி.மீ. தாழவேண்டும். முதல் அதிர்வு வடிவம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாலும் இதே எண்தான் வரும். தட்டிவிட்டால் 13 ஹெர்ட்ஸ் ஆடவேண்டும். ஆயிரம் மடங்கு, பத்து லட்சம் மடங்கு என்று விலகி வந்தால் மில்லிமீட்டரும் மீட்டரும் எங்கோ கலந்திருக்கின்றன. அலகுகளைச் சரிபார்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.